வாரம் நாற்பது சொல்

ப்ரெஸ்ட் துறைமுகத்தின் பின்தெருவில்
கூரை ஒழுகும் மாடியறை என் அலுவலகம்.
நீர்மூழ்கிக்குப் போகும் சேதியெல்லாம்
என் மேசையில் இறங்கித்தான் கடலில் இறங்கும்.
குடும்பத்துக்கு வாரம் நாற்பது சொல்.
பதில் வராது.
அங்கிருந்து ஒரு சொல் மேலே வந்தாலும்
கப்பல் எங்கே என்று கடலே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணுவது என் வேலை.
நாற்பத்தொன்று இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும்.
மனம் வராமல்
ஒரு "மிகவும்" பார்த்து அடித்துவிடுவேன்.
பதினோரு வருடத்தில் நான் அடித்த மிகவும்களைக் கொட்டினால்
இந்தத் தெரு கொள்ளாது.

இன்னொரு விதி உண்டு. கெட்ட செய்தி கூடாது.
காய்ச்சல் கூடாது, கடன் கூடாது,
பூனை செத்தால் பூனையைப் பற்றியே எழுதக் கூடாது.
எழுபது நாள், ஜன்னல் இல்லாத இரும்புக்குள்
அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

ரொசென் ஒழுங்காக எழுதுபவள்.
முப்பத்தைந்து சொல் அவளுக்கும் பையனுக்கும்.
கடைசி ஐந்து எப்போதும் மாமனார் ஃபான்ஷுக்கு.
"வலை காய்ந்தது. சாவி எங்கே வைத்தாய்?"
மூன்று வாரமும் அதே ஐந்து.
பிடிவாதக்காரக் கிழவர்.

இருபத்திரண்டாம் நாள் வந்தாள்.
கையில் காகிதம் இல்லை.
"சிப்பி பொறுக்கப் போன இடத்தில்" என்றாள்.
குடையை மடக்க மறந்து நின்றாள்.
விரித்த குடைக்குக் கீழே
எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

புறப்படும் முன்பே கேட்டுவிடுவார்கள்:
வீட்டில் சாவு விழுந்தால் சொல்லவா, வேண்டாமா?
அர்மேல் "வேண்டாம்" கட்டத்தில் குறி போட்டிருந்தான்.
அப்போது அவனுக்குப் பின்னால் வரிசை நின்றிருக்கும்.
யாரோ அவன் பேனாவுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் வெள்ளி.
ஆறு மணிக்குள் சேதி போக வேண்டும்.
"போகாவிட்டால் பயந்துவிடுவார்" என்றேன்.
தலையசைத்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

மலோவுக்கு முன்பல் விழுந்தது.
எலி வந்து காசு வைத்தது.
ஏழு.
எல்லோரும், என்று தொடங்கி நிறுத்தினாள்.
எல்லோரும் என்றால் யார் யார் என்று
இருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம்.
அடித்துவிட்டு "நாங்கள்" என்று எழுதினாள்.
நாங்கள் நலம்.

அப்படி ஏழு வெள்ளி.
பல், மழை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய திட்டு.
அழுதுகொண்டே சிரிப்புச் சேதி எழுதுவதற்கு
நாங்கள் சிலர் முறைவைத்துக் கூட இருந்தோம்.
ஒருத்தி சூப் கொண்டுவருவாள்.
ஒருத்தி பையனைக் கூட்டிக்கொண்டு போவாள்.
நான் எண்ணுவேன்.

கப்பல் வந்த அன்று காற்று பிய்த்துக்கொண்டு போனது.
மெலிந்து, வெளுத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி
ஒவ்வொருவராகப் படகிலிருந்து ஏறினார்கள்.
மருத்துவர் அவனைத் தனியே அழைக்கக் கை நீட்டினார்.
"தெரியும்" என்றான் அர்மேல்.
"நான்காவது வாரத்திலிருந்து
முப்பத்தைந்துதான் வந்தது."

கூடினால் பிடிக்க நான் இருந்தேன்.
குறைந்ததை நான் எண்ணவே இல்லை.
ரொசென் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்,
திட்டுவதற்கா விழாமல் இருப்பதற்கா தெரியவில்லை.
அவளுக்காக அவனும் அங்கே
ஏழு வாரம் ஒன்றும் தெரியாதவனாகச் சாப்பிட்டு,
தூங்கி, காவல் மாறி,
யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறான்.

பிறகு சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தான்.
கொட்டகைச் சாவி.
தெரியாமல் கொண்டுபோயிருக்கிறான்.
"கேட்டுக்கொண்டே இருந்தார்" என்றான்.
"சொல்ல வழியில்லை."

கிழவரின் நல்ல காலணி கொட்டகையில்தான் இருந்தது.
புதைப்பதற்கு முந்தின இரவு
பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம்.
அதை எப்படிச் சொல்வதென்று நான் தயங்கும்போதே
மலோ தன் பையிலிருந்து பூட்டை எடுத்து நீட்டினான்.
வளையம் மட்டும் அறுந்திருந்தது.

அர்மேல் அதில் சாவியைப் போட்டுத்
திருப்பிப் பார்த்தான்.
திரும்பியது.